வணிகம் படிக்கும் உங்களுக்கு வெளிநாட்டு மொழி வேண்டுமா?

மாணவர்களே, க.பொ.த. சாதாரண தரத்தின் முதலாம் தொகுதிப் பாடங்களை ஒருமுறை பாருங்கள். வணிகக் கல்வியும் கணக்கீட்டுக் கல்வியும் என்ற பாடம் அங்கேதான் உள்ளது. பிரெஞ்சு, ஜேர்மன், அரபு, ஜப்பான், சீனம், கொரியா ஆகிய மொழிகளும் அதே தொகுதியில்தான் உள்ளன. தொகுதிக்கு ஒரு பாடம் மட்டுமே எடுக்கலாம். எனவே வணிகத்தைத் தெரிவு செய்தபோதே வெளிநாட்டு மொழியை நீங்கள் விட்டுவிட்டீர்கள். (எமது பாடசாலைகள் பலவற்றில் அம்மொழிகளைக் கற்பிக்க ஆசிரியரும் இல்லை என்பது வேறு விடயம்.)

பரீட்சை முடிந்து பெறுபேறு வரும் வரையுள்ள மாதங்களில் இக்கேள்வி மீண்டும் எழும். "சும்மா இருக்கிறாய், ஒரு பாஷை படியேன்" என்று வீட்டில் சொல்வார்கள். உயர்தரத்தில் வர்த்தகப் பிரிவுக்குச் செல்ல இருக்கும் எல்லோருக்கும் அது தேவை என்று நான் கருதவில்லை. எந்த வாடிக்கையாளருடன் பேசப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தே அது தேவையாகிறது.

ஓர் உதாரணம். யாழ்ப்பாணத்திலிருந்து ஒடியல் மாவும் பனங்கட்டியும் பாரிசுக்கு அனுப்ப நினைக்கிறீர்கள். லா சப்பல் பகுதியிலுள்ள தமிழ்க் கடைக்காரருக்கு விற்பதற்குத் தமிழே போதும்; விலை பேசுவதும் தமிழில்தான். "மாமா பிரான்சில் இருக்கிறார், ஆகவே பிரெஞ்சு படிக்கிறேன்" என்பது வணிகக் காரணம் அல்ல. ஆனால் அடுத்த தெருவிலுள்ள பிரெஞ்சுக்காரரின் கடைக்கும் விற்க விரும்பினால் நிலைமை வேறு. அவர் ஒடியலைக் கண்டிருக்கவே மாட்டார். அது என்ன, எப்படிச் சமைப்பது என்று அவருடைய மொழியில் விளக்க வேண்டும். பிரான்சில் விற்கும் பொருளின் விபரத்துண்டு பிரெஞ்சு மொழியில் இருக்க வேண்டும் என்று அந்நாட்டின் 1994 ஆம் ஆண்டுச் சட்டமும் கூறுகின்றது. அங்கே மொழி உங்கள் சந்தையைப் பெரிதாக்குகிறது.

உல்லாசப் பயணத்துறையிலும் இவ்வாறே. 2024 இல் 20 இலட்சத்துக்கும் அதிகமான பயணிகள் இலங்கைக்கு வந்தனர். இந்தியர் முதலிடம், ரஷ்யர் அடுத்த இடம். நிலாவெளியில் விருந்தினர் விடுதி நடத்தும் குடும்பத்துப் பிள்ளை ரஷ்ய மொழி படித்தால் அடுத்த பருவத்திலேயே பயன் தெரியும். கணக்காளராக விரும்பும் பிள்ளைக்கு அதே மொழியால் அவ்வளவு பயன் இராது.

உயர்தரப் பொருளியலில் அமையச் செலவு பற்றிப் படிப்பீர்கள். ஒன்றைத் தெரிவு செய்யும்போது கைவிடப்படும் அடுத்த சிறந்த வாய்ப்பே அது. மொழி வகுப்பின் கட்டணத்தை எல்லோரும் கணக்கிடுகிறார்கள், இதை மறந்துவிடுகிறார்கள். பெரும்பாலான மாணவர்களுக்குக் கைவிடப்படும் வாய்ப்பு ஆங்கிலம். பல்கலைக்கழக முகாமைத்துவக் கற்கைநெறிகளில் பெரும்பாலானவை ஆங்கிலத்திலேயே நடைபெறுகின்றன. ஒரு வர்த்தகக் கடிதத்தை ஆங்கிலத்தில் எழுதத் தடுமாறுபவர் அந்த மாதங்களை அதற்கே செலவிடட்டும். கொழும்பில் தொழில் செய்ய நினைப்பவருக்குச் சிங்களமும் அப்படித்தான். அதை வெளிநாட்டு மொழிக்குப் பின்னால் தள்ளுவது எனக்கு விளங்காத காரியம்.

ஆங்கிலம் ஓரளவு கைவந்தவர்களும் மொழியின் சுமையை அறிந்தே தொடங்க வேண்டும். ஜப்பான் மொழியின் வாக்கிய அமைப்பு எமக்கு அந்நியமானதல்ல. "வதஷி வா ஓச்சா ஓ நோமிமாசு" என்றால் "நான் தேநீரைக் குடிக்கிறேன்". வினைச்சொல் தமிழில் போலவே கடைசியில் வருகிறது. அந்த "ஓ", எமது இரண்டாம் வேற்றுமை உருபின் வேலையைச் செய்கிறது. ஆங்கிலேய மாணவர் திணறும் இடத்தில் நீங்கள் திணற மாட்டீர்கள். எழுத்துத்தான் கடினம். அன்றாடப் பயன்பாட்டுக்கென அந்நாட்டு அரசு வகுத்த பட்டியலில் மட்டும் 2,136 கஞ்சி எழுத்துகள் உள்ளன. அரபில் இதற்கு மறுதலையான நிலை. மத்ரசாவில் ஓதிய மாணவர்களுக்கு எழுத்து முன்பே தெரியும், ஆனால் ஓதத் தெரிவதும் துபாய் வியாபாரியுடன் பேரம் பேசுவதும் ஒன்றல்ல.

இவற்றையெல்லாம் யோசித்த பின்னரும் ஆர்வம் குறையவில்லையா? தாராளமாகப் படியுங்கள். ஆனால் முழுப் பாடநெறிக்கும் ஒரேயடியாகப் பணம் கட்ட வேண்டாம். ஜப்பான் மொழியாயின் என்5, ஜேர்மன் அல்லது பிரெஞ்சாயின் ஏ1 என்னும் ஆரம்ப மட்டம் வரை போய்ப் பாருங்கள். அந்த வகுப்பு எந்தப் பரீட்சைக்குத் தயார் செய்கிறது, அதை நடத்தும் நிறுவனம் எது, வகுப்பில் எவ்வளவு நேரம் நீங்களே பேச வேண்டியிருக்கும் என்று சேர்வதற்கு முன் கேளுங்கள். சொந்தச் சான்றிதழை மட்டும் காட்டும் வகுப்பாயின் வேறொன்றைத் தேடுங்கள்.