நவாலியின் கண்ணீரும் காசாவின் செபமும்

எருசலேம் நகரைக் கண்டு ஆண்டவர் இயேசு அழுதார் என்று லூக்கா நற்செய்தியின் பத்தொன்பதாம் அதிகாரம் சொல்கின்றது. அமைதிக்குரிய வழியை அந்நகரம் அறியாமற் போனதே அவருடைய துயரம். இரண்டாயிரம் ஆண்டுகள் கடந்தும் அந்த மண்ணில் கண்ணீர் ஓயவில்லை. அங்கிருந்து வரும் செய்திகளை வாசிக்கும் நம் இல்லங்களிலும் ஒரு வினா எழுகின்றது: கடவுளின் வீட்டில் அடைக்கலம் புகுந்தோர் மீதே குண்டு விழுமானால், அந்தக் கடவுளை எப்படி விசுவசிப்பது?

அன்பான இறைமக்களே, இது நமக்குப் புதிய வினா அன்று. உடுவிலிலிருந்து மானிப்பாய் வழியாகச் சில கிலோமீற்றர் சென்றால் நவாலியை அடையலாம். 1995 யூலை 9ஆம் திகதி வலிகாமத்தில் 'முன்னேறிப் பாய்தல்' என்ற படை நடவடிக்கை தொடங்கியது. வீடுகளை விட்டு ஓடிவந்த மக்கள் நவாலி புனித பேதுரு ஆலயத்திலும் அருகிலிருந்த முருகன் கோயிலிலும் தஞ்சம் அடைந்தனர். அன்று மாலை அங்கே விமானக் குண்டுகள் விழுந்தன. கத்தோலிக்கரும் சைவருமாக நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களுள் குழந்தைகளும் இருந்தனர். நடந்ததைச் சர்வதேச செஞ்சிலுவைக் குழு வெளிப்படையாகக் கூறியபோது, அன்றைய அரசு அக்குழுவையே கடிந்துகொண்டது. அதே ஆண்டு ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமம் முழுவதும் தென்மராட்சியை நோக்கி நடந்தது. உடுவிலும் வெறிச்சோடியது.

முப்பது ஆண்டுகளுக்குப் பின், 2025 யூலை 17ஆம் திகதி, காசா நகரின் ஒரே கத்தோலிக்கப் பங்கான திருக்குடும்ப ஆலயம் தாக்கப்பட்டது. அங்கே தஞ்சமடைந்திருந்தோருள் மூவர் இறந்தனர், பங்குத்தந்தை காயமடைந்தார். தவறுதலாக நேர்ந்தது என இஸ்ரேல் வருத்தம் தெரிவித்தது. இதற்கு முன்னர், 2023 ஒக்டோபர் 19ஆம் திகதி, புனித பொர்பீரியுஸ் மரபுவழித் திருச்சபை வளாகத்திலும் குண்டு விழுந்து பலர் உயிரிழந்திருந்தனர்.

ஆயினும் அந்தப் பங்கு மூடப்படவில்லை. 2025 ஓகஸ்ட் மாதத்தில் காசா நகரைவிட்டு வெளியேறுமாறு மக்களுக்குக் கட்டளை வந்தபோது, நோயாளரையும் முதியோரையும் மாற்றுத்திறன் கொண்ட பிள்ளைகளையும் விட்டு அகலமாட்டோம் என்று குருக்களும் கன்னியரும் முடிவு செய்தனர். திருத்தந்தை பிரான்சிஸ், போர் மூண்ட 2023 ஒக்டோபர் முதல் 2025 ஏப்ரலில் இறைவனடி சேரும்வரை, ஏறக்குறைய ஒவ்வொரு நாள் மாலையும் அந்தப் பங்கைத் தொலைபேசியில் அழைத்து நலம் கேட்டார். அவரால் ஒரு குண்டையும் தடுக்க முடியவில்லை. ஆனால், தாங்கள் மறக்கப்படவில்லை என்பதை அம்மக்கள் நாள்தோறும் அறிந்தனர்.

போர்க்காலத்தில் விசுவாசம் என்பது இதுவே. அது குண்டு விழாமற் காக்கும் தாயத்து அன்று. சிலுவையிலிருந்து இறங்கிவராத ஆண்டவர், சிலுவையில் தொங்குவோரைவிட்டு விலகாத ஆண்டவர். எனவே, துன்புறுவோரை விட்டகலாத மனிதரிடத்தில் அவருடைய பிரசன்னத்தைக் காண்கின்றோம். நவாலியில் காயப்பட்டவர்களைத் தூக்கிச் சென்ற கைகள் எந்தச் சமயத்தின் கைகள் என்று எவரும் கேட்கவில்லை.

இவ்விடத்தில் ஒரு குழப்பத்தையும் களைய வேண்டும். திருப்பாடல்களில் 'இஸ்ரயேல்' என வாசிக்கும்போது, 1948இல் உருவான அரசையே சிலர் நினைக்கின்றனர். அதன் வெற்றிக்காகச் செபிப்பதே விவிலியத்துக்கு ஏற்றது என்றும் கருதுகின்றனர். திருச்சபை அவ்வாறு போதிக்கவில்லை. திருத்தூதரகம் 1993இல் இஸ்ரேலுடன் உடன்படிக்கை செய்தது; 2015இல் பலஸ்தீன அரசு என்று பெயர் குறித்தே அதனுடனும் உடன்படிக்கை செய்தது. இரு மக்களும் தத்தம் நாட்டில் அச்சமின்றி வாழவேண்டும் என்பதே அதன் நிலைப்பாடு. சொந்த மண்ணில் சுதந்திரமாக வாழப் பலஸ்தீன மக்கள் கேட்பது நீதியான வேண்டுகோள். அதற்காக 2023 ஒக்டோபர் 7ஆம் திகதி ஹமாஸ் ஏறத்தாழ 1,200 பேரைக் கொன்றதும் 251 பேரைப் பணயமாகக் கொண்டு சென்றதும் நீதியாகிவிடா. அந்தக் குற்றம், காசா சுகாதார அமைச்சின் கணக்கின்படி 2025 ஒக்டோபருக்குள் 67,000க்கும் மேற்பட்டோர் மடிந்ததையும் நீதியாக்கிவிடாது. பணயமான பிள்ளைகளுக்குப் பதிலாகத் தன்னையே கையளிக்க முன்வந்தார் எருசலேமின் கர்தினால் பிற்சபாலா. பலஸ்தீனரின் மேய்ப்பர் யூதப் பிள்ளைகளுக்காக அவ்வாறு சொன்னார் என்பதை மறவாதிருப்போம்.

1996 முதல் நம் தலைகளுக்கு மேல் இரைந்த கிபீர் விமானங்கள் இஸ்ரேலில் செய்யப்பட்டவை. அந்த நினைவு நமக்குண்டு. எனினும் அது யூத மக்கள்மீது பகையாகக் கூடாது. யூதர் மீதான எவ்வகை வெறுப்பையும் 1965இலேயே இரண்டாம் வத்திக்கான் சங்கம் கண்டித்துள்ளது. நம் நினைவு முழுமையானதாகவும் இருக்கவேண்டும். வலிகாமம் நடந்த அதே ஒக்டோபர் 30ஆம் திகதியில், ஐந்தாண்டுகளுக்கு முன், 1990இல், யாழ்ப்பாணத்து முஸ்லிம் மக்கள் விடுதலைப் புலிகளால் சில மணி நேரத்தில் வெளியேற்றப்பட்டனர். தன் காயத்தை மாத்திரம் எண்ணும் நினைவு, நாளை இன்னொருவரைக் காயப்படுத்தும். தன் காயத்தின் வழியாகப் பிறர் காயத்தை அறியும் நினைவே கிறிஸ்தவ நினைவு.

2025 ஒக்டோபர் 10ஆம் திகதி காசாவில் போர்நிறுத்தம் நடைமுறைக்கு வந்தது. அதன் பின்னரும் சாவுச் செய்திகள் வந்தன. துப்பாக்கி ஓய்வது வேறு, நீதி பிறப்பது வேறு என்பதை 2009க்குப் பின் வாழும் நாம் அறிவோம். காணாமல் ஆக்கப்பட்ட தம் பிள்ளைகளைத் தேடி 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் அமர்ந்த தாய்மார் கேட்டது உண்மையையே. உண்மையைக் கேட்பதும் செபமே.

ஆகவே, இந்த வாரம் குடும்பச் செபமாலையில் ஒரு பத்து மணியைக் காசாவின் மக்களுக்கும், துயருறும் இஸ்ரேலியக் குடும்பங்களுக்கும் ஒப்புக்கொடுங்கள். அதற்குமுன், நவாலியில் நடந்ததைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். 1990இல் நடந்ததையும் சேர்த்துச் சொல்லுங்கள். உண்மையை அறிந்து செபிக்கும் பிள்ளை, எவர் வீட்டில் குண்டு விழுந்தாலும் அதைத் தன் வீட்டுத் துயரமாக உணரும். அந்த உணர்வை நம் இல்லங்களுக்கு ஆண்டவர் அருள்வாராக.