சத்துக் குளிசைக்கும் அளவு உண்டு



"ஒடம்பெல்லாம் அசதியா இருக்கு மிஸ். ஒரு நல்ல சத்து மாத்திர சொல்லுங்க." பதுளை, பசறை, மடுல்சீமை, அப்புத்தளைப் பக்கத் தோட்டங்களில் தாய்சேய் நல வேலை செய்யும் என்னிடம் பெண்கள் அதிகமாகக் கேட்பது இதைத்தான். 1977இலும் 1983இலும் கலவரத்துக்குப் பயந்து மலையகத்தை விட்டு வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவு என்று போய்க் குடியேறிய குடும்பங்களில் எனக்கும் உறவினர் உண்டு. பிறகு போரிலும் அலைந்து, முகாமிலும் இருந்து மீண்டவர்கள் அவர்கள். அங்கே போனாலும் இதே கேள்விதான். அவர்கள் குளிசை என்பார்கள், இங்கே மாத்திரை என்போம். வித்தியாசம் அவ்வளவுதான்.

கேட்பதற்கு முன்பே பலரிடம் போத்தல் இருக்கிறது. குவைத்திலும் சவூதியிலும் வீட்டு வேலை செய்துவிட்டு வரும் பெண்கள் பெட்டியில் கொண்டு வருகிறார்கள். கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் சகோதரர்கள் பார்சலில் அனுப்புகிறார்கள். பெயர் ஆங்கிலத்தில் இருக்கும், அளவு சின்ன எழுத்தில் இருக்கும். ஒன்று போட்டால் நல்லது, இரண்டு போட்டால் இன்னும் நல்லது என்ற எண்ணம் வந்துவிடுகிறது. "சத்துதானே மிஸ், கூடப் போட்டா என்னா கெட்டுப் போகும்?" என்று ஒரு தாய் கேட்டார். அவருக்குச் சொன்ன பதிலைத்தான் இந்த மாதம் உங்களுக்கும் எழுதுகிறேன்.

உடம்பில் தங்கும் விற்றமின்கள்

விற்றமின்களில் இரண்டு வகை உண்டு. பி வகைகளும் சியும் தண்ணீரில் கரைபவை. மிஞ்சியதில் பெரும்பகுதி சிறுநீரோடு போய்விடும். ஏ, டி, ஈ, கே ஆகிய நான்கும் கொழுப்பில் கரைபவை. இவற்றில் ஏயும் டியும் ஈரலிலும் கொழுப்பிலும் சேர்ந்து கொண்டே போகும். இன்று போட்டது நாளை வெளியேறிவிடாது. மாதக்கணக்கில் அளவுக்கு மேல் போட்டால் அது நஞ்சாகிறது.

இது மனிதருக்கு நெடுநாளாகத் தெரிந்த விடயம். 1597இல் வடதுருவக் கடலில் அகப்பட்ட ஒல்லாந்து மாலுமிகள் பனிக்கரடியின் ஈரலைச் சமைத்துச் சாப்பிட்டார்கள். எல்லோரும் நோயுற்றார்கள். மூவருக்கு உடம்புத் தோலே உரிந்தது. அந்த ஈரலில் விற்றமின் ஏ மிக அதிகம் என்பது பிற்காலத்தில்தான் விளங்கியது.

நமக்குக் கிட்டிய ஒரு சம்பவமும் உண்டு. எங்களைப் போலவே தேயிலைத் தோட்டங்கள் நிறைந்த இந்தியாவின் அசாம் மாநிலத்தில் 2001 நவம்பரில் குழந்தைகளுக்கு விற்றமின் ஏ பாணி கொடுத்தார்கள். ஒரு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைக்கு உரிய அளவு 2 மில்லிலீற்றர், அதாவது 2 இலட்சம் அலகு. வழக்கமான 2 மில்லிலீற்றர் கரண்டிக்குப் பதிலாக அம்முறை 5 மில்லிலீற்றர் கிண்ணம் வந்தது. அதை நிறைத்துக் கொடுத்தால் 5 இலட்சம் அலகு ஆகிவிடும். ஏராளமான பிள்ளைகள் வாந்தியும் தலைவலியுமாக வைத்தியசாலைக்கு வந்தார்கள். சில பிள்ளைகள் இறந்ததாகவும் செய்திகள் வந்தன. அந்த இறப்புகளுக்கு இதுதான் காரணமா என்பதில் பெரும் வாதம் நடந்தது. பாணி பிழையானதல்ல. அளவுதான் சிக்கல். நமது கிளினிக்கில் பிள்ளைக்கு விற்றமின் ஏ கொடுத்தால் அதைப் பதிவேட்டில் எழுதுவது இதற்காகத்தான். அந்தப் புத்தகத்தைத் தொலைக்காதீர்கள்.

கர்ப்பிணிகள் கவனிக்க வேண்டியது

வளர்ந்த பெண்ணுக்கு ஒரு நாளைக்கு விற்றமின் ஏ சுமார் 2,300 அலகு போதும். 10,000 அலகுக்கு மேல் போகக்கூடாது. மீனெண்ணெய் ஒரு தேக்கரண்டியிலேயே சுமார் 4,500 அலகு இருக்கலாம். அதோடு ஒரு "மல்டிவிற்றமின்", கண்ணுக்கென்று இன்னொரு குளிசை என்று சேர்த்தால் எல்லை எவ்வளவு விரைவில் வந்துவிடும் என்று பாருங்கள்.

கர்ப்பத்தின் முதல் மூன்று மாதங்களில்தான் ஆபத்து அதிகம். அமெரிக்காவில் 22,000க்கும் மேற்பட்ட கர்ப்பிணிகளைப் பார்த்த ஓர் ஆய்வு 1995இல் வெளிவந்தது. குளிசை வழியாக நாளொன்றுக்கு 10,000 அலகுக்கு மேல் விற்றமின் ஏ எடுத்த தாய்மாரின் பிள்ளைகளில், ஏறக்குறைய 57 பேருக்கு ஒருவர் அந்தக் காரணத்தால் பிறவிக் குறையோடு பிறந்ததாக அதைச் செய்தவர்கள் கணக்கிட்டார்கள். ஆகவே கர்ப்பமாக இருப்பவர்களும் பிள்ளை எதிர்பார்ப்பவர்களும் டொக்டரிடம் கேட்காமல் மீனெண்ணெயோ வெளிநாட்டுப் போத்தலோ எடுக்க வேண்டாம். ஈரல் கறியையும் அளவோடு வைத்துக்கொள்ளுங்கள்.

கீரை, பூசணி, பப்பாசி, கரட் ஆகியவற்றைப் பற்றிப் பயம் வேண்டாம். அவற்றில் உள்ளதை உடம்பு தனக்குத் தேவையான அளவுக்கு மட்டுமே விற்றமின் ஏயாக மாற்றிக்கொள்ளும். மிஞ்சிப் போனால் தோல் கொஞ்சம் மஞ்சளாகும், குறைத்தால் சரியாகிவிடும்.

வெயில் விற்றமினும் நரம்புக் குளிசையும்

எலும்பு வலிக்கு விற்றமின் டி எழுதிக் கொடுப்பது இப்போது வழக்கமாகிவிட்டது. பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 600 அலகு அளவில் தேவை. டொக்டரின் கண்காணிப்பு இல்லாமல் 4,000 அலகைத் தாண்டக்கூடாது. ஆனால் வாரத்துக்கு ஒன்று போட வேண்டிய 50,000 அலகுக் குளிசையும் உண்டு. அதை நாளுக்கொன்றாகப் போட்டால் இரத்தத்தில் கல்சியம் ஏறும். தீராத தாகம், அடிக்கடி சிறுநீர், மலச்சிக்கல், வாந்தி, மனத்தடுமாற்றம் வரும். கடைசியில் சிறுநீரகம் கெடும். எங்கள் பதுளை மாவட்டத்தின் கிராந்துருக்கோட்டைப் பக்கம் சிறுநீரக நோயால் பல குடும்பங்கள் வாடுகின்றன. வடமத்தியிலும் வவுனியாப் பக்கமும் அந்த நோய் இருக்கிறது. சிறுநீரக நோய் உள்ளவர்கள் தாமாக எந்தச் சத்துக் குளிசையும் எடுக்கக்கூடாது.

கை விறைக்கிறது, கால் எரிகிறது என்று பி6 சேர்ந்த நரம்புக் குளிசை வாங்குகிறோம். பி6 தண்ணீரில் கரைந்தாலும் அளவு கூடினால் நரம்பையே தாக்கும். நாளொன்றுக்கு 2 கிராம் முதல் 6 கிராம் வரை எடுத்த 7 பேர் நடக்கவே தடுமாறியதை 1983இல் அமெரிக்க வைத்தியர்கள் எழுதினார்கள். அதைவிட மிகக் குறைந்த அளவிலும் நீண்ட காலம் எடுத்தவர்களுக்கு விறைப்பு வந்திருக்கிறது. விறைப்புக்குப் போட்ட குளிசையே விறைப்பைத் தருகிறது, அதைக் குறைக்க இன்னும் இரண்டு போடுகிறோம். இப்படித்தான் சுற்றி வருகிறோம்.

வெளிறிய முகமெல்லாம் இரும்புக் குறைவு அல்ல

கொழுந்து பறிக்கும் பெண்களிடம் இரத்தச்சோகை அதிகம். இரும்புக் குறைவே பெரும்பாலும் காரணம். ஆனால் இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். பதுளைப் பகுதி தலசீமியா அதிகம் காணப்படும் இடங்களில் ஒன்று. பதுளைப் பெரியாஸ்பத்திரியில் அந்நோய்க்கென்று சிகிச்சைப் பிரிவு உண்டு. தலசீமியா மரபு உள்ளவரும் வெளிறிப் போவார், களைத்துப் போவார். சாதாரண இரத்தப் பரிசோதனையில் இரண்டும் ஒன்று போலத் தெரியலாம். உடம்பில் இரும்பு போதுமான அளவு இருப்பவர் வருடக்கணக்கில் இரும்புக் குளிசை போட்டால் அது ஈரலிலும் இருதயத்திலும் படியக்கூடும். தலசீமியா நோயாளருக்கு இது பெரும் ஆபத்து. மூன்று மாதம் ஒழுங்காகப் போட்டும் இரத்தம் ஏறவில்லை என்றால் இன்னொரு போத்தல் வாங்காதீர்கள். "இரும்பு எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க வேண்டும், தலசீமியாவும் பார்க்க வேண்டும்" என்று கேளுங்கள்.

இதைப் படித்துவிட்டுக் கர்ப்பிணிகள் கிளினிக் குளிசையை நிறுத்திவிடக் கூடாது. அங்கே தரும் இரும்பு, போலிக் அமிலம், கல்சியம் எல்லாம் கணக்குப் பார்த்துத் தருபவை. திரிபோஷாவிலும் விற்றமின் சேர்ந்திருக்கிறது. அவற்றுக்கு மேல் நாமாகச் சேர்ப்பதைத்தான் வேண்டாம் என்கிறேன்.

பிள்ளைகளின் கைக்கு எட்டாமல்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும்தான் ஞாபகம் வைக்க முடியும் என்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள். தாயின் இரும்புக் குளிசை சின்னப் பிள்ளையைக் கொல்லக்கூடும். கிளினிக் குளிசை ஒன்றில் ஏறத்தாழ 60 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. 10 கிலோ நிறையுள்ள பிள்ளை நான்கு குளிசை விழுங்கினாலே நோயுறும். பத்து விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. அமெரிக்காவில் பிள்ளைகள் பலர் இப்படி இறந்த பிறகு, 1997இல் இரும்புக் குளிசைப் போத்தல்களில் எச்சரிக்கை அச்சிட வேண்டும் என்று சட்டமாக்கினார்கள்.

லயத்துக் காம்பராவிலும் தற்காலிகக் கொட்டிலிலும் பூட்டி வைக்க அலுமாரி ஏது? ஆனாலும் மூடி இறுக்கிய ரின்னில் போட்டு, கூரைப் பக்கம் உயரமாக வைக்கலாம். பிள்ளைக்குக் குளிசையை "இனிப்பு" என்று சொல்லிப் பழக்க வேண்டாம்.

பிள்ளை விழுங்கிவிட்டால் முதல் ஆறு மணித்தியாலத்துக்குள் வாந்தியும் வயிற்றோட்டமும் வரும், சிலவேளை இரத்தமும் போகும். பிறகு தெளிந்தது போல இருக்கும். அந்தத் தெளிவை நம்பி வீட்டில் இருந்துவிடாதீர்கள். அடுத்த நாள் ஈரல் செயலிழந்து பிள்ளை மயங்கிப் போகலாம். உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்கவும் வேண்டாம். 1990 சுவசெரிய அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். போத்தலையும் மிச்சக் குளிசைகளையும் கையோடு கொண்டு போங்கள். இரும்பை வெளியேற்ற ஆஸ்பத்திரியில் மருந்து இருக்கிறது. தலசீமியா நோயாளருக்குக் கொடுப்பதும் அதே மருந்துதான். நேரத்துக்குப் போய்ச் சேர வேண்டும், அவ்வளவுதான்.

நாம் செய்யக்கூடியவை

• இரண்டு மூன்று போத்தல் இருந்தால் எல்லாவற்றிலும் ஒரே விற்றமின் இருக்கிறதா என்று படிக்கத் தெரிந்தவரிடம் கேட்டு, அளவைக் கூட்டிப் பாருங்கள்.

• அக்காவுக்கு எழுதிய குளிசையைத் தங்கைக்குக் கொடுக்காதீர்கள்.

• இரும்புக் குளிசைக்கும் சாப்பாட்டுக்கும் முன்னும் பின்னும் ஒரு மணித்தியாலமாவது தேத்தண்ணி வேண்டாம். சாயம் இரும்பை உடம்பில் சேரவிடாது. பதிலாகத் தேசிக்காய்த் தண்ணீரோ கொய்யாப்பழமோ எடுங்கள்.

• போத்தல் வாங்கும் காசில் முட்டை, நெத்தலிக் கருவாடு, பருப்பு, பொன்னாங்காணி வாங்கலாம். சாப்பாட்டில் வரும் சத்து அளவு மீறுவது மிக அரிது.

• களைப்பு இரண்டு கிழமைக்கு மேல் நீடித்தால் இரத்தம், சீனி, தைரொயிட் பார்க்கச் சொல்லுங்கள்.

கடைசியாக ஒன்று. எல்லாப் பரிசோதனையும் சரி என்று வந்த பிறகும் சில பெண்களுக்கு உடம்பு தூக்க முடியாமல் இருக்கிறது. இரவில் நித்திரை இல்லை, ஒரு சத்தம் கேட்டால் நெஞ்சு படபடக்கிறது, காணாமற்போனவரின் நினைவு விடுவதில்லை. அந்தக் களைப்புக்கும் காரணம் உண்டு, அதற்கும் வைத்தியம் உண்டு. ஆனால் அது விற்றமின் போத்தலில் இல்லை. இதைச் சொல்ல வெட்கப்பட வேண்டாம். மாவட்ட ஆஸ்பத்திரிகளில் மனநலக் கிளினிக் நடக்கிறது. உங்கள் குடும்பநல உத்தியோகத்தரிடம் சொன்னால் வழிகாட்டுவார்.

வெளிநாட்டிலிருந்து அன்போடு வந்த போத்தலைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. அடுத்த முறை கிளினிக்குக்குப் போகும்போது அதைப் பையில் போட்டுக்கொண்டு போங்கள். "இது எனக்குத் தேவையா? தேவை என்றால் எத்தனை, எத்தனை நாளைக்கு?" இந்தக் கேள்விகளைக் கேட்டுவிட்டு மூடியைத் திறங்கள்.