விளையாட்டு பிழைவிடுகிறதா, விமானமே அப்படித்தானா?

கணனிப் பக்கம்



புது நாட்டில் வீட்டுக்கு ஒரு கணனி வந்ததும் பிள்ளைகள் அதில் என்ன விளையாடுகிறார்கள் என்பது பெற்றோருக்கு ஒரு தலையிடி. போர் விமானம் ஓட்டும் விளையாட்டு என்றால் தலையிடி இரண்டு மடங்கு. "பொம்மர்ச் சத்தத்துக்குப் பயந்து பங்கருக்குள் இருந்துவிட்டு வந்தோம். இங்கேயும் அந்தச் சத்தமா?" என்று கேட்கிற அம்மாக்கள் இருக்கிறார்கள். "இது விஞ்ஞானம் அம்மா, உண்மையான விமானம் மாதிரியே பறக்குது" என்று பிள்ளைகள் பதில் சொல்வார்கள். இரண்டு பக்கத்திலும் நியாயம் இருக்கிறது.

இம்முறை அந்த "உண்மை மாதிரியே" என்ற சொல்லை மட்டும் எடுத்துப் பார்ப்போம். இந்த விளையாட்டுகளில் எது உண்மை, எது மென்பொருளில் உள்ள பிழை, எது கணக்கிலேயே சேராதது? இதை விளங்கிக்கொண்டால், தடுப்பதா விடுவதா என்ற சண்டைக்குப் பதிலாகப் பிள்ளையோடு பேச ஒரு வழி திறக்கும்.

துருத்தியில் தொடங்கிய கதை

விமானத்தை நிலத்திலிருந்தே ஓட்டிப் பழகும் பொறி கணனிக்கு முன்பே வந்துவிட்டது. அமெரிக்காவில் எட்வின் லிங்க் என்பவர் 1929 இல் அதைச் செய்தார். அவருடைய தகப்பனார் ஓர்கன் வாத்தியம் செய்யும் தொழிற்சாலை வைத்திருந்தவர். அந்த வாத்தியத்துக்குக் காற்றூதும் துருத்திகளைக் கொண்டே மகன் ஒரு சின்ன விமானக் கூட்டைச் சாய்த்தும் திருப்பியும் அசைய வைத்தார். இரண்டாம் உலகப் போரில் பெருந்தொகையான விமானிகள் இந்தப் பொறியில்தான் முதலில் பழகினார்கள்.

வீட்டுக் கணனிக்கு இது 1979 இல் வந்தது. புரூஸ் ஆர்ட்விக் அப்பிள் கணனிக்கு எழுதிய விளையாட்டு அது. 1982 இல் மைக்ரோசொஃப்ற் நிறுவனம் அதை ஐபிஎம் கணனிக்கு வெளியிட்டது. பிறகு போர் விமானங்கள் வந்தன: 1990 இல் முதலாம் உலகப் போரைக் காட்டிய 'ரெட் பரன்', 1998 இல் 'ஃபல்கன் 4.0', 2001 இல் 'ஐஎல்-2 ஸ்ரூர்மோவிக்'. 

காற்று எப்படிக் கணக்காகிறது?

ஓடும் காரின் யன்னலுக்கு வெளியே கையைத் தட்டையாக நீட்டியிருப்பீர்கள். விரல் பக்கத்தைச் சற்று உயர்த்தினால் கை மேலே தள்ளப்படும். விமான இறக்கையில் நடப்பதும் ஏறக்குறைய இதுவே. அதைத் தூக்குவிசை என்கிறோம். வேகம் இரண்டு மடங்கானால் தூக்குவிசை நான்கு மடங்காகும். இறக்கை காற்றைச் சந்திக்கும் கோணம் கூடினாலும் தூக்குவிசை கூடும். ஆனால் அதற்கு ஓர் எல்லை உண்டு. சாதாரண இறக்கையில் அந்தக் கோணம் சுமார் 15 பாகையைத் தாண்டினால், மேற்பக்கத்தைத் தழுவி ஓடிய காற்று பிரிந்து குழம்பிவிடும். தூக்குவிசை சரிந்து விமானம் விழத் தொடங்கும். இதற்குத்தான் 'ஸ்ரோல்' என்று பெயர். இயந்திரம் நிற்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

பிள்ளைகள் ஏமாறுவது இங்கேதான். ஸ்ரோல் மெதுவாகப் போனால் மட்டுமே வரும் என்று நினைப்பார்கள். விமானத்தை 60 பாகை சரித்து, உயரம் குறையாமல் வளைந்து திரும்பினால் இறக்கை விமானத்தின் எடையைப்போல் இரண்டு மடங்கைத் தாங்கவேண்டும். நேராகப் பறக்கையில் மணிக்கு 120 கிலோமீற்றரில் ஸ்ரோல் ஆகும் விமானம், அந்த வளைவில் 170 கிலோமீற்றரிலேயே ஸ்ரோல் ஆகிவிடும். எதிரியைத் துரத்தி ஜோய்ஸ்ரிக்கை முழுப் பலத்தோடு இழுக்கிற பிள்ளை, வேகம் போதுமாக இருக்கும்போதே சுழன்று விழுவது இதனால்தான். "கேம் பழுது" என்று கத்துவான். கேம் சரியாகத்தான் இருக்கிறது.

இந்தக் கணக்கைக் கணனி இரண்டு விதமாகச் செய்யலாம். ஒன்று, எந்தக் கோணத்தில் எந்த வேகத்தில் எவ்வளவு விசை என்று முன்கூட்டியே அட்டவணை போட்டு வைத்து அதைப் பார்த்துச் சொல்வது. மற்றது, இறக்கையைப் பல துண்டுகளாகப் பிரித்து ஒவ்வொரு துண்டிலும் வரும் விசையை அவ்வப்போது கணித்துக் கூட்டுவது. 1990களில் வந்த 'எக்ஸ்-பிளேன்' இரண்டாவது வழியால் பேர் பெற்றது. அட்டவணை வழி, அட்டவணை சரியாக இருக்கும்வரை நன்றாக இருக்கும். அட்டவணையில் இல்லாத நிலைக்கு விமானம் போய்விட்டால் கணனி ஊகிக்கத் தொடங்கும். விசித்திரங்கள் அங்கேதான் பிறக்கின்றன.

பிழைபோலத் தோன்றும் உண்மை

பிரித்தானியாவின் ஸ்பிற்ஃபயர் விமானத்தை நன்றாகச் செய்த ஒரு விளையாட்டில் ஓட்டிப் பாருங்கள். மூக்கைச் சடாரென்று கீழே தள்ளினால் இயந்திரம் இருமி, ஒரு கணம் அடங்கும். மென்பொருள் பிழை என்றுதான் எவரும் நினைப்பார்கள். ஆனால் 1940 இல் பிரித்தானிய வான் சமரில் உண்மையான விமானிகள் பட்ட பாடு அதுவே. மேர்லின் இயந்திரத்துக்குப் பெற்றோல் கொடுக்கும் காபரேற்றர், விமானம் சட்டென்று கீழே குனிந்தால் தடுமாறியது. ஜேர்மனியரின் மெசர்ஸ்மிற் 109 இல் பெற்றோல் நேரடியாக இயந்திரத்துக்குள் பீச்சப்பட்டதால் அந்தத் தொல்லை இல்லை. எனவே ஜேர்மன் விமானி மூக்கைக் குனிந்து தப்பியோட, பின்னால் வந்த பிரித்தானியர் பிந்தினர். 1941 இல் பியற்றிஸ் ஷில்லிங் என்ற பெண் பொறியியலாளர், நடுவில் துளையுள்ள ஒரு சிறு உலோகத் தகட்டைப் பெற்றோல் பாதையில் வைத்து இந்தக் குறையைப் பெரும்பாலும் தீர்த்தார்.

ஓடுபாதையில் விமானம் ஒரு பக்கமாக இழுபடுவதும் இப்படித்தான். மேர்லின் பூட்டிய ஸ்பிற்ஃபயர் கிளம்பும்போது இடப்பக்கம் இழுக்கும். பின்னர் வந்த கிறிஃபன் இயந்திரம் விசிறியை எதிர்த்திசையில் சுற்றியதால், அது பூட்டிய ஸ்பிற்ஃபயர் வலப்பக்கம் இழுக்கும். இரண்டுமே நேராக ஓடுகிற விளையாட்டில்தான் உண்மை குறைவு.

இன்னொன்று எஃப்-16. இது தானாக நிலை கொள்ளாதபடி வேண்டுமென்றே அமைக்கப்பட்ட விமானம். கணனிதான் அதை ஒவ்வொரு கணமும் பிடித்து வைத்திருக்கிறது. விமானி எவ்வளவு இழுத்தாலும் கோணம் அளவுமீறாமல் அது தடுக்கும். ஆனாலும் வேகம் முற்றாகக் குறைந்த நிலையில் விமானம் அந்த எல்லையைத் தாண்டிவிட்டால், மூக்கு நிமிர்ந்தபடியே சருகுபோல் இறங்கத் தொடங்கும். ஜோய்ஸ்ரிக்கை என்ன செய்தாலும் கேட்காது. ஒரு தனி ஆளியை அழுத்திக் கணனியின் கட்டுப்பாட்டை விலக்கி, ஊஞ்சலை உந்துவதுபோல மூக்கை மேலும் கீழும் ஆட்டித்தான் மீளவேண்டும். உண்மையான விமானிக்கும் இதே வழிதான்.

உண்மைபோலத் தோன்றும் பிழை

இனி மறுபக்கம். திரையில் எல்லாம் தொடர்ச்சியாக ஓடுவதாகத் தெரிந்தாலும் கணனி துண்டு துண்டாகவே கணிக்கிறது. செக்கனுக்கு 30 தரம் கணிக்கிறது என்று வையுங்கள். செக்கனுக்கு 800 மீற்றர் போகும் குண்டு, ஒரு கணிப்புக்கும் அடுத்ததற்கும் இடையில் சுமார் 27 மீற்றர் பாய்ந்துவிடும். ஸ்பிற்ஃபயரின் நீளமோ சுமார் 9 மீற்றர்தான். முதற் கணிப்பில் குண்டு விமானத்துக்கு முன்னால், அடுத்ததில் பின்னால். இடைப்பட்ட பாதையையும் சோதிக்கும்படி எழுதாவிட்டால், குண்டு விமானத்துக்குள்ளால் போயும் "படவில்லை" என்றே கணனி தீர்ப்பளிக்கும். விளையாடுபவர் தன் குறி தவறிவிட்டது என்று நம்புவார். கணனி ஓட்டும் எதிரி விமானங்களுக்குச் சில விளையாட்டுகளில் இலகுவான கணக்கையே கொடுத்திருப்பார்கள். அவை மூச்சு வாங்காமல் ஏறும், திரும்பும். அதையும் எதிரியின் திறமை என்று நம்பிவிடுவோம்.

பிழைகளுக்குப் பேர்போனது 'ஃபல்கன் 4.0'. 1998 டிசம்பரில் நத்தார் விற்பனைக்கு அவசரமாக வந்தது. கொரியக் குடாநாட்டில் ஒரு முழுப் போரையும் அது பின்னணியில் ஓட்டியது. நீங்கள் பறந்தாலும் பறக்காவிட்டாலும் அந்தப் போர் தன்பாட்டில் நடக்கும். இவ்வளவு பாரத்தைச் சுமந்த மென்பொருள் அடிக்கடி நின்று போனது. திருத்தங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. ஒரு வருடத்துக்குள் அதைச் செய்த குழுவே கலைக்கப்பட்டது. 2000 ஆம் ஆண்டில் அதன் மூல நிரல் வெளியே கசிந்தது. அதன் பிறகு உலகெங்குமுள்ள ஆர்வலர்கள் சம்பளமில்லாமல் இருபது வருடங்களுக்கு மேலாக அதைத் திருத்தி வந்திருக்கிறார்கள். மேலே சொன்ன எஃப்-16 இன் சருகு இறக்கத்தையும் அவர்களுடைய பதிப்பில் காணலாம்.

வேடிக்கையான பிழையும் உண்டு. 1990களின் இறுதியில் ஆஸ்திரேலியப் பாதுகாப்பு ஆய்வாளர்கள் ஹெலிகொப்ரர் பயிற்சிக்கான காட்சியில் கங்காருக்களைச் சேர்த்தார்கள். புதிதாக எழுதாமல், காலாட்படைச் சிப்பாய்க்கு எழுதிய நிரலை எடுத்து உருவத்தை மட்டும் மாற்றினார்கள். ஹெலிகொப்ரர் தாழப் பறந்ததும் கங்காருக்கள் சிதறி ஓடின. பிறகு திரும்பி நின்று சுட்டன! ஆயுதம் எதுவும் குறிக்கப்படாததால் அவை சுட்டது பல வர்ணக் கடற்கரைப் பந்துகளை. ஏவுகணை விட்டன என்று சொல்லப்படுவது பின்னால் ஊதிய கதை.

சிரித்துவிட்டுப் போக முடியாத ஒன்றையும் சொல்லவேண்டும். 2007 பெப்ரவரியில் அமெரிக்காவின் எஃப்-22 போர் விமானங்கள் சில ஹவாயிலிருந்து ஜப்பானின் ஒகினாவா நோக்கிப் பறந்தன. பசிபிக் கடலில் சர்வதேச திகதிக் கோட்டைக் கடந்ததும் அவற்றின் வழிகாட்டும் கணனிகள் செயலிழந்தன. எரிபொருள் நிரப்ப உடன் வந்த விமானங்களைப் பின்தொடர்ந்தே அவை ஹவாய்க்குத் திரும்பின. காரணம் மென்பொருள் பிழை. விளையாட்டில் மட்டுமல்ல, உண்மையான விமானத்திலும் கணனி பிழைவிடும்.

கணக்கில் சேராதது

மூன்றாவது வகை ஒன்று இருக்கிறது. அதற்கு எந்தத் திருத்தமும் வெளிவருவதில்லை.

எஃப்-16 திரும்பும்போது விமானியின் உடல் ஒன்பது மடங்கு பாரமாகலாம். 70 கிலோ மனிதர் 630 கிலோ. கதிரையில் இருந்து விளையாடும் பிள்ளைக்குத் திரை கொஞ்சம் இருளும், அவ்வளவுதான். விமானியின் பயமும் களைப்பும் இல்லை. விழுந்தால் ஒரு விசையை அழுத்தி மீண்டும் தொடங்கலாம்.

இவற்றைவிடப் பெரிய குறை கீழே இருக்கிறது. இறக்கையின் நுனியில் சுழலும் காற்றுக்கு நுணுக்கமாகக் கணக்குப் போட்டவர்கள், நிலத்தை ஒரு படமாக விரித்துவிட்டு விட்டிருக்கிறார்கள். வீடு ஒரு பெட்டி. குண்டு பட்டால் அந்தப் பெட்டியை எடுத்துவிட்டு உடைந்த பெட்டி ஒன்றை வைக்கும். அடுப்பில் உலை இல்லை, பள்ளிக்கூடம் விட்ட நேரம் இல்லை, கிணற்றடியில் ஆட்கள் இல்லை. விமானச் சத்தம் கேட்டதும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற எவரையும் அதில் காணமுடியாது. மேலேயிருந்து பார்ப்பதற்காகவே எழுதப்பட்ட கணக்கு அது. கீழேயிருந்து பார்த்தவர்கள் நாங்கள். இதைப் பிள்ளைக்குச் சொல்லக்கூடியவர் விளையாட்டைச் செய்தவர் அல்லர், நீங்கள்தான்.

பெற்றோர் என்ன செய்யலாம்?

ஒரு நாள் அரை மணித்தியாலம் பக்கத்தில் இருந்து பாருங்கள். விமானம் விழும்போது "இது பிழையா, உண்மையா?" என்று கேளுங்கள். ஸ்ரோல் என்றால் என்ன என்று தமிழில் விளங்கப்படுத்தச் சொல்லுங்கள். சொற்களைத் தேடும்போது பாடமும் மொழியும் சேர்ந்தே வரும்.

பெரும்பாலான இவ்விளையாட்டுகளில் உண்மைத் தன்மையைக் கூட்டிக் குறைக்கலாம். ஸ்ரோலை நிறுத்தி ஒருமுறை, விட்டு ஒருமுறை ஓட்டச் சொல்லுங்கள். வித்தியாசம்தான் காற்றியக்கவியல்.

வாங்குமுன் வயதுக் குறியீட்டைப் பாருங்கள். ஐரோப்பாவில் 3, 7, 12, 16, 18 என்று போட்டிருக்கும். பறப்பில்தான் ஆசை, சண்டையில் இல்லை என்றால் பயணிகள் விமானம் ஓட்டும் விளையாட்டுகள் இருக்கின்றன. 'ஃபிளைற்கியர்' காசில்லாமலே கிடைக்கும்.

வீட்டில் குண்டுவீச்சைக் கண்ட அம்மம்மாவோ அப்பப்பாவோ இருந்தால் ஹெட்ஃபோன் போட்டு விளையாட வேண்டும் என்பது சட்டமாக இருக்கட்டும். ஏன் என்றும் சொல்லுங்கள். அந்தப் பிள்ளையே அதைக் கண்டு வந்திருந்து, விளையாடிய இரவுகளில் திடுக்கிட்டு எழும்பினால், விளையாட்டை நிறுத்திவிட்டுக் குடும்ப வைத்தியரிடமோ பள்ளிக்கூடத் தாதியிடமோ கதையுங்கள். அதில் வெட்கப்பட எதுவுமில்லை.

விமானம் ஏன் பறக்கிறது என்று விளங்கிய பிள்ளை, அது எதற்காகப் பறக்க விடப்படுகிறது என்றும் ஒருநாள் கேட்கும். அந்தக் கேள்வி வரும்போது பதில் சொல்ல நீங்கள் பக்கத்தில் இருக்கவேண்டும்.