வட்டம் வட்டமாய் ஒரு நடை

அரையாண்டு விடுமுறையில் ஒரு நாள் நெய்வேலிக்குப் போய்வருவதென்று எங்கள் வீட்டு மகாநாட்டில் ஏகமனதாகத் தீர்மானமாயிற்று. நான் பள்ளிக்கூட உபாத்தியாயன். பிரயாணத்துக்கும் கால அட்டவணை போடாமல் இருக்க முடியுமா? காலை 9 மணிக்குச் சுரங்கம். 12 மணிக்கு நடராஜர் தரிசனம். பிற்பகல் 3 மணிக்கு வடலூர்.

ஆர்ச் கேட்டில் பஸ்ஸை விட்டு இறங்கி விசாரித்தபோதுதான், சுரங்கத்தைப் பார்க்க முன்கூட்டியே எழுதி அநுமதி பெற வேண்டுமென்று தெரிந்தது. நான் எழுதவில்லை. குற்றம் முழுதும் என்னுடையதே. "பரீட்சைக் கட்டணம் கட்ட மறந்த பையனை நீங்கள் என்ன செய்வீர்கள்?" என்று என் மனைவி கேட்டாள். நான் பதில் சொல்லாமல் அட்டவணையை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். நடக்கத் தொடங்கினோம்.

நெய்வேலி நடந்து பார்க்க வேண்டிய ஊர்தான். பேட்டைகளுக்கு இங்கே வட்டம் என்று பெயர். ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். வட்டம் எதுவும் வட்டமாக இல்லை என்பது வேறு விஷயம். சாலைகள் நேராக ஓடுகின்றன; இருமருங்கும் மரங்கள்; வரிசையாக ஒரே அச்சில் வார்த்த வீடுகள். பணியிலிருந்து ஓய்வு பெற்றதும் வீட்டைக் காலி செய்து சாவியைக் கொடுத்துவிட வேண்டும். முப்பது வருஷம் தண்ணீர் ஊற்றி வளர்த்த மாமரம் அடுத்த குடித்தனக்காரருக்குக் காய்க்கும்.

1930-ஆம் ஆண்டுகளில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் கிணறு தோண்டியபோது கரிய பொருள் ஒன்று வெளிப்பட்டது. அதிலிருந்து தொடங்கிய கதை இது. 1956-ல் நிறுவனம் அமைந்தது. 1957 மே மாதம் ஜவஹர்லால் நேரு சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார். 1961-ல் பழுப்பு நிலக்கரி கண்ணுக்குத் தெரிந்தது. சோவியத் நாட்டின் ஒத்துழைப்புடன் எழுந்த அனல் மின்நிலையம் 1962-ல் மின்சாரம் தரத் தொடங்கி, 2020-ல் ஓய்ந்தது. நிலக்கரியின் அடியில் பெருநீர் ஊற்று அழுத்தத்துடன் நிற்கிறது; அதை இராப்பகலாய் இறைத்தால்தான் சுரங்கம் மூழ்காமல் இருக்கும். அந்த நீரில் ஒரு பகுதி வாலாஜா ஏரி வழியாக வயல்களுக்குப் போகிறது. சுதந்திர பாரதம் தன் கையால் செய்த காரியங்களுள் இது பெரியது என்பதில் எனக்கு ஐயமில்லை.

நடராஜர் கோயிலை அடையும்போது நடை சாத்திவிட்டார்கள். இனி மாலையில்தான். அட்டவணையில் இரண்டாவது வரியும் போயிற்று. நிழல் தேடி ஒரு தேநீர்க் கடையில் ஒதுங்கினோம். அங்கே ஒரு முதியவர் உட்கார்ந்திருந்தார்.

"சுரங்கம் பார்க்க வந்து ஏமாந்தோம், ஐயா" என்றேன்.

"அதற்கென்ன ஸார், நான் பிறந்த வீட்டையே என்னால் பார்க்க முடியாது" என்றார் அவர்.

அவருடைய கிராமம் சுரங்கத்துக்குப் போய்விட்டதாம். முந்திரித் தோப்பும் வீடும் இருந்த மண்ணை வெட்டி எடுத்தாயிற்று. கையைத் தூக்கி ஒரு திசையைக் காட்டி, "எங்கள் திண்ணை இருந்த இடத்தில் இப்போது வெறும் காற்றுத்தான் இருக்கிறது" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. "பிள்ளைக்கு இங்கேதான் வேலை. சோறு போடுகிறது, பொய் சொல்லக் கூடாது" என்றும் சேர்த்துக்கொண்டார்.

பால்கன் பிரதேசத்தில் கொசோவோ நாட்டுத் தலைநகரான பிரிஷ்டினா, ஒரே பகலில் நடந்து பார்த்துவிடக் கூடிய சிறிய நகரம். அதன் ஓரத்திலும் இதே பழுப்பு நிலக்கரி, இதே புகைபோக்கிகள். ஹடே என்னும் கிராமம் அங்கே இடம்பெயர்ந்தது. ஆனால் அவ்வளவு தூரம் போவானேன்? 2023 ஜூலையில் நம் வளையமாதேவியில், பயிர் நின்ற வயலுக்குள் மண்வெட்டும் இயந்திரங்கள் இறங்கின. நிலம் பல ஆண்டுகளுக்கு முன்பே கையகப்படுத்தியதுதான் என்று நிறுவனத்தார் கூறினர். இருக்கலாம். கதிர் முற்றும்வரை பொறுத்திருந்தால் தேசம் இருட்டில் மூழ்கியிராது என்பது என் தாழ்மையான அபிப்பிராயம்.

மாலையில் நடை திறந்தது. பத்தடிக்கு மேல் உயரமான பஞ்சலோக நடராஜர். சந்நிதியில், குறைகளை எழுதிப் போடுவதற்கு ஒரு பெட்டி வைத்திருக்கிறார்கள். சுரங்கத்துக்கு விண்ணப்பம் எழுத மறந்தவன் இங்கேயாவது எழுதலாமென்று காகிதம் தேடினேன். பையில் இருந்தது அட்டவணை ஒன்றுதான். அதன் பின்புறத்தில், தேநீர்க் கடைப் பெரியவருக்காக இரண்டு வரி எழுதிப் போட்டேன். என்ன எழுதினேன் என்பது பெட்டிக்குள் இருக்கட்டும்.

வடலூர் சேரும்போது நன்றாக இருட்டிவிட்டது. பார்வதிபுரத்து மக்கள் மனமுவந்து தந்த 80 காணி நிலத்தில், இராமலிங்க அடிகள் 1867-ல் மூட்டிய அடுப்பு இன்னும் எரிந்துகொண்டிருக்கிறது. பந்தியில் இடம் இருந்தது. "எத்தனை மணிக்குக் கடைசி பஸ்?" என்று மனைவி கேட்டாள். அட்டவணைதான் கையில் இல்லையே! சாப்பிட்டுவிட்டுப் பார்த்துக்கொள்ளலாம் என்று இலையின் முன் உட்கார்ந்தோம்.