பூனை வளர்ப்பது லாபமா? நஷ்டமா?

- இரண்டாம் ஆண்டு மாணவி, இயந்திரவியல் துறை



ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டதும் ஆளுக்கொரு பெரிய தலைப்பாக எடுத்துக் கொண்டார்கள். நட்பு, தாய்மை, நாளைய இந்தியா, வேலையில்லாத் திண்டாட்டம்... எல்லாம் போன பிறகு எனக்கு மிஞ்சியது பூனை! "என்னது, பூனையா?" என்று வகுப்பே சிரித்தது. சிரிக்கட்டும். தாய்மையைப் பற்றி எழுத நூறு பேர் இருக்கிறார்கள். நம் கேண்டீனுக்குப் பின்னால் சாக்கில் கட்டிக் கொண்டு வந்து போடப்படும் குட்டிகளைப் பற்றி எழுத யார் இருக்கிறார்கள்?

பூனை என்றாலே நம் ஊரில் இரண்டு கட்சி. "பூனை இருந்தால் வீடு கலகலப்பாக இருக்கும்" என்பது ஒரு கட்சி. "பூனை குறுக்கே போனால் போன காரியம் விளங்காது" என்பது மறு கட்சி. நான் பட்டிமன்ற நடுவர் இல்லை. ஆனால் பூனை இல்லாத நாளே இல்லாத வீட்டில் பிறந்தவள். அதனால் பூனையையும் நோட்டுப் புத்தகத்தில் வரவு, செலவு என்று கோடு போட்டு எழுதிப் பார்த்தேன். அதைத்தான் இங்கே தருகிறேன்.

எப்படி வந்தது இந்த உறவு?

சைப்ரஸ் தீவில் சுமார் 9,500 ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு புதைகுழியில், மனித எலும்புக்கூட்டின் பக்கத்திலேயே ஒரு பூனையின் எலும்புக்கூடும் இருந்ததை 2004-ஆம் ஆண்டு ஆராய்ச்சியாளர்கள் வெளியிட்டார்கள். மனிதன் விவசாயம் செய்து தானியம் சேர்த்தான். தானியத்தைத் தேடி எலி வந்தது. எலியைத் தேடிப் பூனை வந்தது. ஆக, இந்த உறவு தொடங்கியதே அரிசி மூட்டைப் பக்கத்தில்தான்!

நம் நாட்டிலும் பூனை புதிதல்ல. மாமல்லபுரத்தில் அர்ச்சுனன் தபசு என்று சொல்லப்படும் 7-ஆம் நூற்றாண்டுப் பல்லவர் சிற்பத்தில், கைகளை மேலே தூக்கிக் கொண்டு ஒரு பூனை தவம் செய்கிறது. அதன் காலடியில் எலிகள்! டூர் போகிறவர்கள் யானையின் முன்னால் நின்று போட்டோ எடுத்துவிட்டு வந்து விடுகிறார்கள். அடுத்த தடவை அந்தப் பூனையையும் பார்த்துவிட்டு வாருங்கள்.

வரவு

எங்கப்பா லோடுமேன். எங்கம்மா வீட்டு வாசலில் இட்லிக் கடை போடுகிறார்கள். ஓட்டு வீடு, ஒரே அறை. அந்த அறையில்தான் 25 கிலோ இட்லி அரிசி மூட்டை, உளுந்து டப்பா, எங்கள் படுக்கை, என் டிராயிங் போர்டு எல்லாம். எலி ஒரு ராத்திரி மூட்டையைக் கடித்தால் மறுநாள் லாபம் போச்சு. கடித்தது மட்டுமா? எலி மூத்திரத்தால் எலிக்காய்ச்சல் வரும் என்று எல்லோருக்கும் தெரியும். எலி மருந்து வைக்கலாம் என்றால், சாப்பாட்டுக் கடையில் விஷம் வைக்க முடியுமா? பொறி வைத்தால் ஒரு எலி மாட்டும், மற்றது உஷாராகிவிடும். எனவே எங்கள் வீட்டில் பூனை என்பது ஆடம்பரம் இல்லை. சம்பளம் வாங்காத வாட்ச்மேன்!

"நாய், பூனை எல்லாம் பணக்காரர்கள் வளர்ப்பது" என்று ஒரு பேச்சு இருக்கிறது. அதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். கார், பங்களா உள்ள வீட்டில் பூனை சோபாவில் தூங்குகிறது. எங்களைப் போன்ற வீட்டில் பூனை வேலை பார்க்கிறது. அவ்வளவுதான் வித்தியாசம்.

அடுத்த வரவு, மனசுக்கு. ராத்திரி பதினொரு மணிக்கு மாவாட்டி முடித்து எங்கம்மா உட்காரும்போது, பூனை மடியில் ஏறிப் படுத்துக் கொண்டு 'குர்ர்' என்று சத்தம் கொடுக்கும். அந்த அதிர்வு சுமார் 25 முதல் 150 ஹெர்ட்ஸ் வரை இருக்கும் என்கிறார்கள். நம் ஒர்க்ஷாப்பில் லேத் லோடு இல்லாமல் ஓடுகிற மாதிரி ஒரு சத்தம். நாள் முழுக்க யாரும் எங்கம்மாவிடம் "கால் வலிக்கிறதா" என்று கேட்பதில்லை. பூனையும் கேட்காதுதான். ஆனால் அந்தப் பத்து நிமிஷம் எங்கம்மா எழுந்திருக்காமல் இருப்பது பூனையால்தான்.

நம் படிப்புக்கும் பூனையால் வரவு உண்டு! முதுகு கீழாக விழவிட்டாலும் பூனை நடுவானத்திலேயே திரும்பிக் காலை ஊன்றி இறங்குமே, எப்படி? பிடித்துத் தள்ள எதுவும் இல்லாமல் ஒரு பொருள் எப்படித் திரும்பும்? 1894-ல் பிரான்ஸ் நாட்டு மாரே என்பவர் இதை வரிசையாகப் படம் பிடித்துக் காட்டியபோது அறிஞர்களே குழம்பினார்கள். உடம்பின் முன் பாதியையும் பின் பாதியையும் தனித்தனியாக முறுக்குவதால், மொத்தக் கோண உந்தம் மாறாமலேயே பூனை திரும்பி விடுகிறது. 1969-ல் கேன், ஷெர் என்ற இரண்டு பேர் இதற்குக் கணக்கே போட்டுக் காட்டினார்கள். மெக்கானிக்ஸ் பேப்பரில் நாம் திணறுகிற விஷயத்தைப் பூனை அரியர் இல்லாமல் பாஸ் செய்கிறது! (இதற்காக யாரும் பூனையை மாடியிலிருந்து போட்டுப் பார்க்க வேண்டாம். உயரத்திலிருந்து விழுந்தால் பூனைக்கும் தாடை உடையும், கால் உடையும்.)

செலவு

இனி மறுபக்கம். முதலில் சாப்பாடு. பூனை என்றால் பாலும் தயிர்சாதமும் என்று நினைக்கிறோம். வளர்ந்த பூனைகளில் பலவற்றுக்குப் பால் செரிப்பதே இல்லை, வயிற்றால் போகும். தெனாலிராமன் கதைப் பூனை சூடுபட்டதால் பாலைக் கண்டு ஓடியது. நிஜப் பூனைக்குச் சூடு படாவிட்டாலும் பால் தேவையில்லை, தண்ணீர் போதும். பூனை முழு மாமிசப் பிராணி. மாமிசத்தில் உள்ள டாரின் என்ற சத்து கிடைக்காவிட்டால் அதற்குக் கண் பார்வையும் இருதயமும் கெட்டுவிடும். இனிப்புச் சுவையே அதற்குத் தெரியாது என்று 2005-ல் கண்டுபிடித்தார்கள். ஆகவே லட்டு கொடுத்து வீணாக்காதீர்கள், எனக்குக் கொடுங்கள்! மீன் கடையில் ஒதுக்கும் தலை, கோழிக் கடையில் கிடைக்கும் ஈரல் இவற்றை வேகவைத்துப் போட்டால் செலவு பெரிதாக ஆகாது. சுத்த சைவ வீடு என்றால் பூனை வளர்ப்பதற்கு முன் யோசிக்க வேண்டும்.

இரண்டாவது, முடி. கடையில் மாவுப் பாத்திரத்தில் ஒரு பூனை முடி கிடந்தால் வாடிக்கை போய்விடும். மூடி போடுவதும், துடைப்பதும், கை கழுவுவதும் ஓயாத வேலை. இளைப்பு உள்ளவர்களுக்குப் பூனையால் மூச்சிரைப்பு அதிகமாகலாம். அதற்கு முடியைவிடப் பூனையின் எச்சிலிலும் தோலிலும் உள்ள புரதமே முக்கியக் காரணம். கர்ப்பமாக இருக்கும் பெண்கள் பூனை மலத்தை அள்ளக் கூடாது. அதிலிருந்து வரும் ஒருவகைக் கிருமி வயிற்றுப் பிள்ளையைப் பாதிக்கும்.

மூன்றாவது, பல்லும் நகமும். வெறிநோய் நாயிடம் மட்டும்தான் என்று பலர் நினைக்கிறார்கள். பூனை கடித்தாலும் கீறினாலும் கூட வரலாம். வந்துவிட்டால் பிழைப்பது அநேகமாக இல்லை. எங்கள் தெருவில் பூனை கீறினால் சுண்ணாம்பு வைப்பார்கள், மிளகாய்த்தூள் வைப்பார்கள். இரண்டும் கூடாது. சோப்புப் போட்டு, ஓடுகிற தண்ணீரில் 15 நிமிஷம் கழுவ வேண்டும். உடனே அரசு ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போட வேண்டும். தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்று பயந்ததெல்லாம் அந்தக் காலம். இப்போது கையிலேயே போடுகிறார்கள். பூனைக்கும் மூன்று மாதம் ஆனவுடன் தடுப்பூசி போட்டு, வருஷா வருஷம் தொடர வேண்டும்.

இன்னொன்று, பூனைக்குக் காய்ச்சல் என்று வீட்டில் இருக்கும் பாரசிட்டமால் மாத்திரையைக் கொடுத்து விடாதீர்கள். ஒரு சின்னத் துண்டு கூட அதற்கு விஷம்.

யார் செய்கிறார்கள் இந்த வேலையை?

இது யாரும் நோட்டில் எழுதாத செலவு. பூனையைக் கொஞ்சுவது அண்ணன், தம்பி. பூனை மூலையில் அசிங்கம் செய்துவிட்டால் "ஏய், இங்க வந்து பாரு" என்று கூப்பிடுவது எங்களை! ஹாஸ்டல் நண்பர்களே, லீவுக்கு வீட்டுக்குப் போய்ப் பூனையை மடியில் வைத்துக் கொள்ளும்போது, மண் தட்டைக் கொட்டி மாற்றுவது யார் என்று ஒரு தடவை பாருங்கள். அடுத்த நாள் நீங்களே மாற்றிப் பாருங்கள். கை ஒன்றும் தேய்ந்து போகாது.

குட்டிகள் கணக்கு

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். பெட்டைப் பூனை ஆறு மாதத்திலேயே சினைக்கு வந்துவிடும். சுமார் இரண்டு மாதத்தில் ஈனும். ஒரு ஈற்றுக்கு நான்கு குட்டி, வருஷத்துக்கு இரண்டு ஈற்று என்று வைத்தாலே எட்டு. அதில் பாதி பெட்டை என்றால் அடுத்த வருஷம்? கால்குலேட்டர் இல்லாமலே போட்டு விடலாம்.

இந்தக் குட்டிகளை நம் ஊரில் என்ன செய்கிறார்கள்? கண் திறப்பதற்குள் சாக்கில் போட்டுக் கட்டி, மார்க்கெட்டிலோ, கண்மாய்க் கரையிலோ, நம் காலேஜ் சுவருக்கு இந்தப் பக்கமோ போட்டு விடுகிறார்கள். இந்த வருஷம் மட்டும் கேண்டீன் பின்னால் மூன்று சாக்குகளை நானே பார்த்தேன். மூன்றாவது சாக்கில் உயிரோடு இருந்தது ஒன்றே ஒன்றுதான்.

அதிலும் ஒரு தேர்வு உண்டு. "கடுவன் இருந்தா குடுங்க, பெட்டை வேணாம்" என்பார்கள். குட்டியைத் தூக்கி வாலடியில் பார்த்து, பெட்டை என்றால் முதலில் சாக்குக்குப் போவது அதுதான். தோழிகளே, இந்தப் பேச்சு நமக்குப் புதிதா? நான் இயந்திரவியல் துறையில் சேர்ந்தபோது "பொட்டப் புள்ளைக்கு எதுக்கு மெஷின் படிப்பு?" என்று உறவிலேயே கேட்டார்கள். எங்கள் குடும்பத்தில் பத்தாவது தாண்டிய முதல் ஆள் நான். கேட்டவர்களுக்கு எங்கம்மா சொன்ன ஒரே பதில், "அவ படிக்கட்டும்." அதனால்தானோ என்னவோ, பெட்டை என்று ஒரு உயிரை ஒதுக்கும்போது எனக்குச் சும்மா இருக்க முடியவில்லை.

குட்டியைப் பசியில் சாகும்படி விட்டுவிட்டுப் போவது 1960-ஆம் ஆண்டு பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். முதல் தடவைக்கு அந்தச் சட்டத்தில் எழுதிய அபராதம் 10 ரூபாய் முதல் 50 ரூபாய் வரை. ரெண்டு பேர் டீயும் வடையும் சாப்பிடுகிற காசு! ஆகவே சட்டம் பார்த்துக் கொள்ளும் என்று நாம் உட்கார்ந்திருக்க முடியாது.

என்னதான் வழி?

வழி ஒன்றே ஒன்றுதான். கருத்தடை ஆபரேஷன். ஆறு மாதத்தை ஒட்டிச் செய்துவிட்டால் குட்டித் தொல்லை இல்லை. கடுவனுக்குச் செய்தால் சண்டையும் குறையும், மூலைக்கு மூலை மூத்திரம் பீச்சுவதும் குறையும். மயக்க மருந்து கொடுத்துத்தான் செய்கிறார்கள். நாம் 'மாட்டாஸ்பத்திரி' என்று சொல்கிறோமே, அதில் பெரிய ஆஸ்பத்திரிகளில் பூனைக்கும் பார்க்கிறார்கள். விசாரித்து நாள் கேட்டுக் கொண்டு போக வேண்டும்.

"ஆபரேஷன் பண்றது பாவம் இல்லையா?" என்று எங்கம்மாவே கேட்டார்கள். நான் திருப்பிக் கேட்டேன்: "சாக்குல கட்டிப் போடறது?" எங்கம்மா பதில் பேசவில்லை. மறு வாரம் கடைக்கு ஒரு நாள் லீவு விட்டுவிட்டு, பூனையைக் கூடையில் வைத்து என்னோடு பஸ்ஸில் வந்தார்கள்.

மாணவர் பேரவைக்கு என் தாழ்மையான வேண்டுகோள் இதுதான். கேண்டீனைச் சுற்றி இருக்கும் பெட்டைப் பூனைகள் நான்கு. அவற்றைப் பிடித்து வேறு ஊரில் விட்டுவிடலாம் என்று சிலர் சொல்கிறார்கள். சோறு கிடைக்கிற இடத்துக்கு வேறு பூனை வந்துவிடும், பிரச்சினை தீராது. நான்குக்கும் ஆபரேஷனும் தடுப்பூசியும் செய்துவிட்டால், அவையே இருந்து ஸ்டோர் ரூம் எலிகளைப் பார்த்துக் கொள்ளும். நாட்டு நலப்பணித் திட்ட நண்பர்கள் கூடை பிடிக்கட்டும். காசுக்கு? வருகிற கலைவிழாவில் இரண்டு சீரியல் செட் குறைத்துக் கட்டினால் யாரும் கோபித்துக் கொள்ள மாட்டார்கள்.

முடிவாக, பூனை வளர்ப்பது லாபமா, நஷ்டமா? சாப்பாடு, ஊசி, ஆபரேஷன், மண் தட்டு நான்குக்கும் நான் பொறுப்பு என்று சொல்ல முடிந்தவர்களுக்கு நிச்சயம் லாபம். எலி பிடிக்க மட்டும் பூனை வேண்டும், குட்டி போட்டால் சாக்கு என்பவர்கள் தயவு செய்து எலிப்பொறி வாங்கிக் கொள்ளட்டும்.

பேரவை நண்பர்களே, "பூனைக்கு யார் மணி கட்டுவது?" என்று எலிகள் கூட்டம் போட்டுப் பேசிக் கலைந்த கதை நமக்குத் தெரியும். நாம் எலிகள் இல்லை. அடுத்த கூட்டத்தில் பெயர் கொடுக்க விருப்பமுள்ளவர்கள் இயந்திரவியல் இரண்டாம் ஆண்டு வகுப்புக்கு வாருங்கள். முதல் பெயர் என்னுடையது.