கொடையாளர் விலகிய பிறகு யார் பொறுப்பு?

2025 ஏப்ரல் தொடக்கத்தில் அமெரிக்காவின் மாநிலப் பண்பாட்டு மன்றங்களுக்கு வாஷிங்டனிலிருந்து கடிதங்கள் போயின. வரலாறு, இலக்கியம் ஆகிய துறைகளுக்காகக் கூட்டாட்சி அரசு தருவதாக ஒப்புக்கொண்ட மானியம் ரத்து என்றன அவை. மாநிலங்களிலும் ஆட்சிப்பகுதிகளிலும் 56 மன்றங்கள் இருக்கின்றன. சிற்றூர் நூலகத்தில் வாசிப்புக் கூட்டம், உள்ளூர் வரலாற்றுக் கண்காட்சி என்று ஆரவாரமில்லாத வேலைகளைச் செய்பவை. அந்த மாதமே மெலன் அறக்கட்டளை 1.5 கோடி டாலர் அவசர உதவி அறிவித்தது. அந்த ஆண்டில் அரசிடமிருந்து வரவேண்டியிருந்ததோ சுமார் 6.5 கோடி டாலர். கலை, இலக்கியத்துக்கு அந்த நாட்டிலேயே அதிகம் கொடுக்கும் அறக்கட்டளை கைகொடுத்தும், கால் பங்குக்கும் குறைவான இழப்பையே ஈடுகட்ட முடிந்தது.

தனியார் கொடைக்கு உலகிலேயே பேர்போன நாட்டில் நடந்தது இது. அங்கே கொடை எதைச் சாதித்திருக்கிறது, எங்கே தடுமாறியிருக்கிறது என்று பார்த்தால் ஒன்று தெளிவாகிறது. காசோலையில் எத்தனை பூஜ்ஜியம் என்பதைவிட, கொடையாளர் விலகிய பிறகு அந்தப் பள்ளியை, நூலகத்தை, அருங்காட்சியகத்தை யார் ஏற்று நடத்துகிறார்கள் என்பதுதான் அதன் ஆயுளைத் தீர்மானிக்கிறது.

எவ்வளவு, எங்கே?

2024இல் அமெரிக்கர்களும் அவர்களுடைய நிறுவனங்களும் கொடுத்த மொத்தக் கொடை சுமார் 59,250 கோடி டாலர். இதில் மூன்றில் இரண்டு பங்கு தனிநபர்கள் கொடுத்தது. மிகப் பெரிய பங்கு போய்ச் சேர்ந்த இடம் பல்கலைக்கழகமோ அருங்காட்சியகமோ அல்ல. தேவாலயம் முதலான சமய அமைப்புகள். கட்டடச் சுவரில் பெயர் பொறிக்கப்படும் கோடீஸ்வரர்கள் கண்ணில் படுகிறார்கள். ஞாயிறுதோறும் உண்டியலில் பணம் போடுகிறவர்கள் கண்ணில் படுவதில்லை.

துறைக்குத் துறை நிலைமை மாறுகிறது. கலை, பண்பாட்டுக்கு அந்த ஆண்டு தனியார் தந்தது சுமார் 2,500 கோடி டாலர். கலைகளுக்கான தேசிய நிதியத்தின் ஆண்டு ஒதுக்கீடு 20.7 கோடி டாலர்தான். அமெரிக்காவின் இசைக்குழுக்களும் அருங்காட்சியகங்களும் கொடையை நம்பியே வாழ்கின்றன. கல்வியில் கதை வேறு. அதற்குக் கிடைத்த கொடை 8,800 கோடி டாலரைத் தாண்டினாலும், பெரும்பகுதி உயர்கல்விக்கே போனது. அரசுப் பள்ளிகளுக்கு ஆண்டுதோறும் செலவாகும் வரிப்பணமோ 80,000 கோடி டாலருக்கும் மேல். பள்ளிக் கல்வியில் கொடையால் திசைகாட்ட முடியும். சுமையைத் தூக்க முடியாது.

கார்னகியின் பத்து சதவீதம்

எஃகு அதிபர் ஆண்ட்ரூ கார்னகி, செல்வத்தோடு சாவது இழுக்கு என்று 1889இல் எழுதினார். மூன்றே ஆண்டுகளில், பென்சில்வேனியாவின் ஹோம்ஸ்டெட்டில் இருந்த அவருடைய ஆலையில் தொழிற்சங்கத்தை உடைக்கக் கூலிக் காவலர்கள் இறக்கப்பட்டனர். துப்பாக்கிச் சண்டையில் இரு தரப்பிலும் உயிர்கள் போயின. பன்னிரண்டு மணி நேரம் உலைக்களத்தில் நின்றவன் எப்போது நூலகம் போவான் என்ற கேள்வி அப்போதே எழுந்தது. அந்தக் கேள்வி இன்றும் செல்லும். கூலியில் பிடித்ததைக் கொடையில் கொடுத்தால் கணக்கு நேராகிவிடாது.

ஆனாலும் அவர் நிதியளித்த நூலகங்கள் நின்றன. உலகம் முழுக்க 2,509. அமெரிக்காவில் மட்டும் 1,679 பொது நூலகக் கட்டடங்கள். காரணம் அவர் போட்ட நிபந்தனை. நிலத்தை ஊர் தர வேண்டும். கொடுத்த தொகையில் பத்து சதவீதத்தை ஆண்டுதோறும் பராமரிப்புக்கு ஊரே வரியாகத் திரட்ட வேண்டும். 10,000 டாலர் கட்டடம் வேண்டுமானால் வருடத்துக்கு 1,000 டாலர் ஒதுக்குவதாக நகர மன்றம் தீர்மானம் போட வேண்டும். சில ஊர்கள் முடியாது என்று ஒதுங்கின. ஒப்புக்கொண்ட ஊர்களில் நூலகம் நகராட்சியின் வரவுசெலவில் ஒரு வரியாக ஏறியது. கார்னகி 1919இல் இறந்தார். அந்த வரி தொடர்ந்தது.

கிழக்கிலும் மேற்கிலும் ஜன்னல்

இதைவிட ஆழமான உதாரணம் ஜூலியஸ் ரோசன்வால்ட். சியர்ஸ் ரோபக் என்ற அஞ்சல்வழி விற்பனை நிறுவனத்தின் தலைவர். ஜெர்மனியிலிருந்து வந்த யூதக் குடும்பத்தின் மகன். கறுப்பினக் கல்வியாளர் புக்கர் டி. வாஷிங்டனின் தூண்டுதலில் 1912இல் அலபாமாவில் கறுப்பினக் குழந்தைகளுக்கான ஆறு சிறு பள்ளிகளுக்கு உதவினார். 1932இல் திட்டம் முடிந்தபோது தென்பகுதியின் 15 மாநிலங்களில் 4,977 பள்ளிகள் எழுந்திருந்தன.

அந்தப் பள்ளிகளின் வரைபடங்களைப் பார்த்தாலே திட்டத்தின் நோக்கம் புரியும். கிராமத்தில் மின்சாரம் கிடையாது. அதனால் வகுப்பறையின் கிழக்கு அல்லது மேற்குச் சுவரில் வரிசையாக உயரமான ஜன்னல்கள். பகல் வெளிச்சம் முழுவதும் உள்ளே விழ வேண்டும். இரண்டு வகுப்பறைகளுக்கு நடுவே மடக்குத் தடுப்பு. அதை நகர்த்தினால் ஊர்க்கூட்டத்துக்கு மண்டபம் தயார். எந்தத் திசை பார்த்துக் கட்ட வேண்டும் என்பதுவரை வரைபடமே சொல்லிக்கொடுத்தது.

பணம் வந்த விதம் இன்னும் முக்கியம். மொத்தச் செலவு சுமார் 2.84 கோடி டாலர். ரோசன்வால்ட் நிதியம் தந்தது சுமார் 44 லட்சம். அதாவது 15 சதவீதம். ஏறத்தாழ 1.8 கோடி வரிப்பணம். வெள்ளையர் நன்கொடை ஒரு சிறு பகுதி. கறுப்பின மக்கள் தங்கள் கையிலிருந்து கொடுத்தது சுமார் 47 லட்சம்; கோடீஸ்வரர் கொடுத்ததைவிட அதிகம். சில ஊர்களில் ஒரு துண்டு நிலத்தைப் பள்ளிக்கென்று ஒதுக்கி, அதில் விளைந்த பருத்தியை விற்றுக் கொடுத்தார்கள். அலபாமாவில் நடந்த ஒரு கூட்டத்தில், அடிமை நாள்களைப் பார்த்த ஒரு முதியவர் அழுக்கேறிய பையிலிருந்து தன் சேமிப்பு முழுவதையும் மேசையில் கொட்டினார். 38 டாலர்.

நிலமும் கட்டடமும் அரசுப் பள்ளி நிர்வாகத்தின் பெயரில் எழுதித் தரப்பட வேண்டும் என்பது ரோசன்வால்டின் நிபந்தனை. கறுப்பினக் குழந்தைகளுக்குக் காசு ஒதுக்க மனமில்லாத நிர்வாகங்களின் தலையில் அது பொறுப்பை ஏற்றியது. தென்பகுதிக் கிராமங்களில் கறுப்பின, வெள்ளையினக் குழந்தைகளுக்கிடையே இருந்த கல்வி இடைவெளி குறைந்ததில் இந்தப் பள்ளிகளுக்குக் கணிசமான பங்கு உண்டு என்று பொருளியல் ஆய்வாளர்கள் பின்னாளில் கணக்கிட்டுக் காட்டினார்கள். பிற்காலத்தில் நாடாளுமன்ற உறுப்பினரான ஜான் லூயிஸ் படித்ததும் இத்தகைய பள்ளி ஒன்றில்தான். தன் நிதியம் என்றென்றும் நீடிப்பதை ரோசன்வால்ட் விரும்பவில்லை. அவர் விதித்தபடியே பணம் முழுவதையும் செலவழித்து 1948இல் அது மூடப்பட்டது.

இதன் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். கறுப்பின மக்கள் ஏற்கெனவே வரி கட்டியவர்கள். அந்த வரியால் வெள்ளையர் பள்ளிகள் வளர்ந்தன. தங்கள் பிள்ளைகளின் பள்ளிக்கு அவர்கள் மறுபடியும் கொடுக்க நேர்ந்தது. இது இரட்டை வரி என்று கல்வி வரலாற்றாசிரியர் ஜேம்ஸ் டி. ஆண்டர்சன் குற்றம்சாட்டினார். பள்ளிகளில் இனப் பிரிவினை செல்லாது என்று 1954இல் தீர்ப்பு சொன்னது உச்ச நீதிமன்றம். பள்ளியைக் கொடையால் கட்ட முடிந்தது. சம உரிமைக்குப் போராட்டமும் சட்டமும் தேவைப்பட்டன.

டெட்ராய்ட்டின் உடன்பாடு

2013இல் டெட்ராய்ட் மாநகரம் திவாலானது. கடன்காரர்களின் கண் மாநகரத்துக்குச் சொந்தமான கலை அருங்காட்சியகத்தின் மீது விழுந்தது. வான் கோவின் தன்னோவியம், ப்ரூகலின் திருமண நடனம் போன்ற படைப்புகள் உள்ள இடம் அது. விலை மதிப்பீடுகூட நடந்தது. மறுபுறம், ஓய்வுபெற்ற ஊழியர்களின் ஓய்வூதியத்தில் பெரிய வெட்டு வரும் என்ற அச்சம்.

ஃபோர்டு, கிரெஸ்கி, நைட் உள்ளிட்ட அறக்கட்டளைகள் 36.6 கோடி டாலர் தர முன்வந்தன. மிச்சிகன் மாநில அரசின் 19.5 கோடியும், அருங்காட்சியகத்தின் சார்பில் 10 கோடியும் சேர்ந்தன. பணம் ஓய்வூதிய நிதிக்குப் போகும். ஓவியங்கள் விற்கப்படாமல் லாபநோக்கற்ற அமைப்பின் பொறுப்புக்கு மாறும். இதுதான் ஏற்பாடு. பொது ஊழியர்களின் மாத ஓய்வூதியத்தில் 4.5 சதவீதம் போனது. விலைவாசிக்கேற்ற உயர்வும் நின்றது. யாருக்கும் முழு நிறைவில்லை என்றாலும் மக்கள் பிழைத்தார்கள், கலையும் பிழைத்தது. அறக்கட்டளைகள் தனியாக நின்றிருந்தால் இது நடந்திருக்காது. மாநில அரசும் பணம் வைத்தது. நீதிமன்றம் எல்லோரையும் ஒரே மேசையில் உட்கார வைத்தது.

பணம் கொடுத்தவரே பாடம் நடத்தினால்

கொடையாளர் கொள்கை வகுப்பவராக மாறும்போதுதான் சிக்கல். ஆசிரியர்களை அளந்து, திறமைக்கேற்ப ஊதியம் தந்தால் மாணவர்கள் தேறுவார்கள் என்று கேட்ஸ் அறக்கட்டளை நம்பியது. மூன்று பள்ளி மாவட்டங்கள், அரசுப் பணத்தில் தன்னாட்சியாக இயங்கும் நான்கு சார்ட்டர் பள்ளிக் குழுமங்கள். செலவு 57.5 கோடி டாலர். அதில் அறக்கட்டளை தந்தது சுமார் 21 கோடி. 2018இல் ராண்ட் ஆய்வு நிறுவனம் வெளியிட்ட மதிப்பீட்டின்படி மாணவர்களின் தேர்ச்சியில் சொல்லும்படியான முன்னேற்றம் இல்லை. அந்த மதிப்பீட்டுக்கு ஏற்பாடு செய்ததும் கேட்ஸ் அறக்கட்டளையே. அந்த நேர்மையைப் பாராட்டலாம். ஆனால் எஞ்சிய பணத்தில் பெரும்பகுதி வரி செலுத்துவோருடையது. சோதனை பலிக்கவில்லை என்றால் அறக்கட்டளை அடுத்த திட்டத்துக்குப் போய்விடும். அந்த ஊர்ப் பெற்றோருக்குத் தேர்தலில் தோற்கடிக்கக்கூட ஆள் கிடையாது.

இதற்கு மாறான ஏற்பாட்டுக்கு ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் தமிழ் இருக்கை நமக்குத் தெரிந்த உதாரணம். இரண்டு தமிழ் மருத்துவர்கள் தலைக்கு ஐந்து லட்சம் டாலர் கொடுத்துத் தொடங்க, உலகத் தமிழர்களும் தமிழ்நாடு அரசும் சேர்ந்து 60 லட்சம் டாலரை நிறைத்தார்கள். மூலதனத்தைத் தொடாமல், அதன் வருவாயில் பேராசிரியர் பதவி நடக்கும். யாரை நியமிப்பது, என்ன நடத்துவது என்பது பல்கலைக்கழகத்தின் முடிவு. கொடுத்தவர் கைவைக்காமல் விலகி நிற்கும் இந்த ஏற்பாடு பள்ளிக் கொள்கைக்கும் வேண்டும்.

பொதுப் பணமும் கலந்திருக்கிறது

கொடைக்கு வரிக்கழிவு தரும் வழக்கம் அமெரிக்காவில் 1917இல் தொடங்கியது. உச்ச வரம்பான 37 சதவீத வரி கட்டும் ஒருவர் 2025 வரை 100 டாலர் கொடுத்தால், அரசுக்கு 37 டாலர் வரை வருவாய் குறைந்தது. எனவே அந்தக் கொடையில் பொதுமக்களும் பங்காளிகள். சாதாரணக் குடும்பங்களில் பெரும்பாலானவை தனித்தனியாகக் கணக்கு காட்டாமல் நிலையான கழிவை எடுத்துக்கொள்வதால் அவற்றுக்கு இந்தச் சலுகை பெரும்பாலும் கிடைத்ததில்லை. 2026 முதல் அத்தகையவர்களுக்கும் தலைக்கு 1,000 டாலர்வரை கழிவு உண்டு; உச்ச வரம்பினரின் சலுகையும் 35 சதவீதமாகக் குறைக்கப்பட்டிருக்கிறது. தாமதமான, ஆனால் சரியான திருத்தம்.

அடைக்கப்படாத ஓட்டையும் உண்டு. தனியார் அறக்கட்டளைகள் சொத்தில் ஆண்டுக்கு 5 சதவீதமாவது செலவழித்தாக வேண்டும். கொடையாளரின் ஆலோசனைப்படி வழங்கப்படும் நிதிக் கணக்குகளுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. பணத்தைப் போட்ட அன்றே வரிச் சலுகை கிடைத்துவிடும்; அது பள்ளிக்கோ மருத்துவமனைக்கோ போய்ச் சேரக் கெடு கிடையாது. இப்படித் தேங்கியிருப்பது 25,000 கோடி டாலருக்கும் மேல். சலுகை உடனே என்றால் கொடையும் குறித்த காலத்துக்குள் போய்ச் சேர வேண்டும். அமெரிக்க நாடாளுமன்றம் இதற்குச் சட்டத்தில் கெடு விதிக்க வேண்டும்.

கொடை வேண்டாம் என்று சொல்ல யாருக்கும் மனம் வராது, சொல்லவும் கூடாது. அரசு துணியாததைத் தொடங்கவும், அரசு கைவிட்டதைச் சில மாதம் தாங்கவும் அது தேவை. ஆனால் ஓர் அரசு தன் கடமையிலிருந்து விலகிக்கொண்டு கொடையாளர்களைக் கைகாட்டினால், அதை நம்ப வேண்டாம். உலகின் மிகப் பெரிய கொடை நாட்டில்கூட 6.5 கோடி டாலர் பள்ளத்தை 1.5 கோடியால் நிரப்ப முடியவில்லை.