அந்தக் கொட்டேஷனை வெச்சது யாரு?

மேற்கோள் குறிக்கு ஒரு முழுப் பதிவான்னு கேக்காதீங்க மக்கா. ஒரே ஒரு வரி நிரலால ஒரு பொண்ணுக்கு மெமோ போன கதை இது. பொட்டி தட்டுறவங்க பலபேர் ஒரு நாளாவது எழுதியிருக்கக்கூடிய வரி.

எங்கேயிருந்தோ ஒரு சி.எஸ்.வி. கோப்பு வருது. திறந்து பார்த்தா ஒவ்வொரு சரத்துக்கும் முன்னாடியும் பின்னாடியும் இரட்டை மேற்கோள். பார்க்கவே கண்றாவியா இருக்கு, உடனே கை பரபரக்கும். பைத்தானில் ரீப்ளேஸ் என்று ஒரு கட்டளை. மேற்கோளை எடு, பதிலுக்கு ஒண்ணும் வைக்காதேன்னு சொன்னா கோப்பு முழுக்கத் துடைச்ச மாதிரி ஆயிடும். வேலை முடிஞ்சது, டீ குடிக்கப் போகலாம். என் கட்சி என்னன்னா, அந்த வரியை எழுதறதுக்கு முன்னாடி இந்தக் குறியை இங்கே வெச்சது யாரு, எதுக்கு வெச்சாங்கன்னு கேட்டே ஆகணும். கேக்காம எழுதுறது சோம்பேறித்தனம். அதுக்கான விலையை எழுதினவன் கொடுக்கிறதில்ல.

தேர்வாய் கண்டிகை கேள்விப்பட்டிருப்பீங்க. கும்மிடிப்பூண்டி வட்டம், திருவள்ளூர் மாவட்டம். சென்னைக் குடிநீருக்காக 2020 நவம்பரில் திறந்தாங்களே, கண்ணன்கோட்டை - தேர்வாய் கண்டிகை நீர்த்தேக்கம், அதே ஊர்தான். அங்கே சிப்காட் தொழிற்பூங்கா இருக்கு. மிஷ்லின்காரங்க லாரி, பஸ் டயர் செய்யற ஆலையும் அங்கேதான். அந்தச் சுற்றுவட்டாரத்துல சின்னச் சின்ன கம்பெனிகள் நிறைய. அதுல ஒண்ணுல நடந்தது இது. பேர் வேண்டாம். (அந்தப் பக்கம் போய் "கொட்டேஷனை எடுத்துட்டேன்"னு சொன்னீங்கன்னா பர்ச்சேஸ்காரர் பதறிடுவார். அவங்களுக்குக் கொட்டேஷன்னா விலைப்புள்ளி.)

ஸ்டோர்ஸ் பட்டியலைப் பழைய மென்பொருள்லேர்ந்து புதுசுக்கு மாத்தினாங்க. மாத்திக் கொடுக்க வந்தவர் மேற்படி ஒற்றை வரியைப் போட்டுட்டுக் கிளம்பிட்டார். அந்தக் குறி ரெண்டு விதமா அங்கே உட்கார்ந்திருந்ததை அவர் பார்க்கல.

ஒண்ணு, உறை. "சிப்காட் தொழிற்பூங்கா, தேர்வாய் கண்டிகை, கும்மிடிப்பூண்டி வட்டம், திருவள்ளூர் மாவட்டம்" என்கிற முகவரியில மூணு காற்புள்ளி இருக்கு. சி.எஸ்.வி.யில பத்தி பிரிக்கிறதும் காற்புள்ளிதான். இது முகவரிக்குள்ளே இருக்கிற காற்புள்ளி, இங்கே வெட்டாதேன்னு சொல்லத்தான் ரெண்டு பக்கமும் மேற்கோள். அதை உருவினா ஒரு முகவரி நாலு பத்தியா உடையும். தொலைபேசி எண் இருக்க வேண்டிய இடத்துல வட்டத்தோட பேர் வந்து நிக்கும். பூக்காரம்மா கட்டின சரத்துல வாழைநார் அசிங்கமா இருக்குன்னு உருவின கதைதான். நல்லவேளை, இது உடனே கண்ணுல பட்டுது, கையால சரி பண்ணிட்டாங்க.

இன்னொண்ணு கண்ணுல படல. அது இன்ச்.

மெட்ரிக் அளவைக்கு நம்ம நாட்டுல 1956-லேயே சட்டம் வந்தாச்சு. ஆனா பைப்பு, எல்போ, வால்வு எல்லாம் இன்னிக்கும் கடைப் பேச்சுல இன்ச்தான். டயரை எடுத்துக்குங்க. 295/80 ஆர் 22.5 என்று போட்டிருந்தா அகலம் மில்லிமீட்டர், ரிம் விட்டம் இன்ச். மெட்ரிக் முறையை உலகத்துக்குக் கொடுத்த பிரான்ஸ் நாட்டுக் கம்பெனியே செஞ்சாலும் அப்படித்தான். டயர்மேல இன்ச் குறி போட மாட்டாங்க, ஆனா ஸ்டோர்ஸ்ல எழுதறவங்க 22.5" என்று கூசாம எழுதுவாங்க. நாம அலுவலக வேலையை ஆணி புடுங்கறதுன்னு சொல்லிக்கிட்டுத் திரியறோம். அங்கே நிஜமாவே 2" ஆணி, 3" ஆணின்னு பெட்டி பெட்டியா இருக்கு.

ஆக 4" ஃபிளாஞ்ச் என்பது "4 ஃபிளாஞ்ச்" ஆயிடுச்சு. ஒப்பந்தத்துல வேலை பார்க்குற அந்தப் பொண்ணு திரையில இருந்ததைத்தான் படிச்சுது. நாலு இன்ச்சுல ஒண்ணு வர வேண்டிய இடத்துல, வழக்கமா வாங்குற ரெண்டு இன்ச்சுல நாலு வந்து இறங்கிச்சு. கடைக்காரர் திரும்ப எடுத்துக்க மாட்டேன்னுட்டார். மெமோ அந்தப் பொண்ணுக்கு.

அளவுக்குன்னு தனிப் பத்தி ஒண்ணு இருந்துது, அதோட கூத்து இன்னும் மேலே. 1/2" என்று இருந்தவரைக்கும் எக்செல் அதை எழுத்தாத்தான் பார்த்துது. குறி போனதும் அது வெறும் 1/2. எக்செலுக்கு அது தேதி. அரை இன்ச் பைப் பிப்ரவரி ஒண்ணாம் தேதி ஆயிடுச்சு, முக்கால் இன்ச் எல்போ ஏப்ரல் மூணு! அப்படியே சேமிச்சா கோப்புலயும் தேதிதான் பதியும், பழையது போச்சு. சிரிக்காதீங்க, பெரிய பெரிய ஆளுங்களே இந்த எக்செல்கிட்ட தோத்திருக்காங்க. மார்ச்1 என்ற மரபணுவை அது மார்ச் மாசம் ஒண்ணாம் தேதின்னு மாத்திக்கிட்டே இருந்ததால, மனித மரபணுக்களுக்குப் பேர் வைக்கிற குழு 2020-ல மரபணுவோட பேரையே மார்ச்எஃப்1-னு மாத்திடுச்சு. அப்போ எக்செல் இறங்கி வரல, மனுஷன்தான் இறங்கினான்.

சரி, என்னதான் செய்யணும்? உறையைப் போட்ட முறை எதுவோ, அதே முறையாலதான் பிரிக்கணும். சி.எஸ்.வி.க்கு 2005 அக்டோபர்ல ஆர்.எஃப்.சி. 4180 என்று ஒரு ஆவணம் எழுதி வெச்சிருக்காங்க. மேற்கோளுக்குள்ளேயே மேற்கோள் வந்தா ரெட்டையா எழுதணும். அதன்படி ஜி.ஐ. பைப் 4" என்பது கோப்புல இப்படி இருக்கும்:

"ஜி.ஐ. பைப் 4"""

கடைசியில மூணு குறி. முதல் ரெண்டும் சேர்ந்து ஒரு இன்ச், மூணாவது உறை. ரீப்ளேஸ் எல்லாத்தையும் முழுங்கும்னு தெரிஞ்சவங்க, நான் புத்திசாலின்னு ஸ்ட்ரிப் போடுவாங்க, ஓரத்துல இருக்கிறதை மட்டும் எடுக்கும்னு நம்பி. அது ஓரத்துல எத்தனை இருந்தாலும் மொத்தமா உரிச்சுடும், மூணும் காலி. பைத்தான் 3.9-ல வந்த ரிமூவ்சஃபிக்ஸ் ஒண்ணே ஒண்ணைத்தான் எடுக்கும், ஆனா மிச்சம் ரெண்டு குறி நிக்கும். பைத்தான்கூடவே சி.எஸ்.வி. தொகுதின்னு ஒண்ணு 2003-லேர்ந்து, 2.3 பதிப்புலேர்ந்து வருது. அதைக் கூப்பிட்டா பைப் 4" என்று முழுசாக் கையில கொடுக்கும். ரெண்டு வரி கூட எழுதணும், அவ்வளவுதான். ஜேசன் வடிவத்துல வந்ததுன்னா அதைப் பிரிக்கிற லோட்ஸ் இருக்கு. பிரிச்ச பிறகும் மேற்கோள் மிச்சம் இருந்தா, அனுப்பின பக்கம் ரெண்டு தடவை பொட்டலம் கட்டியிருக்கானான்னு பாருங்க.

இன்னொரு கூட்டம் இருக்கு. பைத்தான் திரையில ஒரு மாறியோட பேரை அடிச்சா மதிப்பை மேற்கோளோட காட்டும். அதைப் பார்த்துட்டு எடுக்கணும் எடுக்கணும்னு அலைவாங்க. சரத்துக்குள்ளே அப்படி ஒண்ணுமே இல்லைங்க, காட்டுறதுக்காகப் போட்டது. பிரிண்ட் பண்ணிப் பாருங்க, காணாமப் போயிடும்.

குறி மாதிரித் தெரியறது எழுத்தா இருக்கும்னு நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்ல. பாமினியில அடிச்ச ஆளுங்களைக் கேளுங்க. அதுல அரைப்புள்ளி இருக்கிற இடத்துலதான் மெய்யெழுத்தோட புள்ளி. இந்த அரைப்புள்ளி எல்லாம் எதுக்குன்னு ஒரு புண்ணியவான் மொத்தமா நீக்கினா தமிழ் 'தமிழ' ஆயிடும்.

என்னை அவங்க கூப்பிட்டது எல்லாம் முடிஞ்ச பிறகுதான், பழைய பட்டியலைத் தோண்ட. அசல் கோப்பு யாரோ ஒருத்தர் அனுப்பின மின்னஞ்சல்ல அப்படியே கிடந்துது. அதுல அந்த வரியைக் கண்டுபிடிச்சு, இன்ச் குறியோட அச்செடுத்துக் கொடுத்தேன். அந்தப் பொண்ணு மேனேஜர் மேசையில வெச்சுது. "விடும்மா, பார்த்துக்கலாம்"னு சொன்னாராம். மெமோவை எழுத்துல திரும்ப வாங்கல. ஒற்றை வரிக்காரருக்குப் பில் தொகை முழுசாப் போய்ச் சேர்ந்துடுச்சு.

பி.கு: நிரல் துண்டுகளைப் பதிவுல போடுற நண்பர்களே, வேர்டுல அடிச்சு ஒட்டாதீங்க. அது நேர் மேற்கோளைச் சுருள் மேற்கோளா மாத்திடும். வேர்ட்பிரஸும் நிரலுக்கான பெட்டிக்குள்ளே போடாட்டி அதையேதான் செய்யும். யுனிகோடில் நேர் மேற்கோள் 34, சுருள் ரெண்டும் 8220, 8221. கணினிக்கு மூணும் வேற வேற எழுத்து. உங்க பதிவுலேர்ந்து நகல் எடுத்து ஓட்டுறவருக்குப் பிழைச் செய்திதான் வரும், பாவம்.